பணிக்குழுவின் பரிந்துரைகளை நிர்வாகத்திடம் எப்படிச் சொல்வது? 20 நிமிடம்தான் தந்திருக்கிறார்கள்

#1 செவ்வந்தி

வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில், அறக்கட்டளை நடத்தும் நடுத்தர மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புச் செவிலியராக இருக்கிறேன். ஊர், பெயர் வேண்டாம்.

ஐ.சி.யூ.வில் தொற்று அடிக்கடி வருகிறது என்று போன வருடக் கடைசியில் நிர்வாகமே ஒரு பணிக்குழு போட்டது. ஏழு பேர். இரண்டு டாக்டர்கள், மூன்று செவிலியர்கள், லேபிலிருந்து ஒருவர், ஸ்டோர்ஸிலிருந்து ஒருவர். டூட்டி முடிந்து உட்கார்ந்து உட்கார்ந்து 41 பக்கத்துக்கு அறிக்கை எழுதினோம். 14 பரிந்துரைகள்.

மார்ச்சில் அதை நிர்வாகக் குழு முன்னால் வைத்தோம். 38 ஸ்லைடு. பதினொன்றாவது ஸ்லைடு ஓடும்போதே சேர்மன் ஐயா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் "ரொம்ப உழைச்சிருக்கீங்க, பார்க்கலாம்" என்றார்கள். மினிட்ஸ் புத்தகத்தில் "அறிக்கை பெறப்பட்டது" என்று ஒரு வரி. மூன்று மாதமாக வேறு பேச்சே இல்லை.

நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் அடுத்த மாதக் கூட்டத்தில் 20 நிமிடம் தந்திருக்கிறார்கள். இந்த முறை பேசப்போவது நான்.

எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். ஐ.சி.யூ.வில் எட்டுப் படுக்கை, இரண்டு வாஷ்பேசின். ஒன்று வாசல் பக்கம், இன்னொன்று மருந்து டிராலிக்குப் பின்னால். ஆறாம் படுக்கையிலிருந்து பேசினுக்கு நடந்து எண்ணிப் பார்த்தேன். போக 14 காலடி, வர 14. ஹேண்ட் ரப், அதாவது தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம், நர்சிங் ஸ்டேஷனில் ஒரே ஒரு பாட்டில். காலியானால் இன்டென்ட் (ஸ்டோர்ஸில் கேட்கும் சீட்டு) எழுதி மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். ஞாயிறு காலியானால் திங்கள் மதியம்தான் வந்து சேரும்.

போன வருடம் ஓர் அம்மா, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வார்டுக்கு மாற்ற நாள் குறித்திருந்தோம். முந்தின இரவு குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது. கழுத்தில் பெரிய ரத்தக் குழாய்க்குள் போட்டிருந்த டியூப், சென்ட்ரல் லைன், அதன் வழியாக ரத்தத்தில் தொற்று. இன்னும் பதினாறு நாள் இருந்தார். பிழைத்துவிட்டார். அவர் கணவர் பில் கவுன்டரில் கழுத்துச் சங்கிலியை விற்ற ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அதற்காகத்தான் இவ்வளவும். எங்கே தொடங்குவது, எதை விடுவது, சொல்லுங்கள்.

#2 தாமரைக்குளம்

சகோதரி, நான் மருத்துவமனை நிர்வாக அலுவலராக 27 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்த மாதிரி அறிக்கைகளை எத்தனையோ கேட்டிருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்துக்காரனாகச் சொல்கிறேன்.

"பார்க்கலாம்" என்று சொல்வது பெரும்பாலும் மறுப்பு இல்லை. என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பிடிபடாதபோது வாயிலிருந்து வரும் சொல் அது. 14 பரிந்துரை வைத்தால் எது முதலில், யார் கையெழுத்து, எந்தக் கணக்குத் தலைப்பு, எதுவும் தெரியாது. கேட்பவர் சோர்ந்து போவார். நீங்கள் எவ்வளவு உழைத்தீர்கள் என்று காட்டுவதற்காக 38 ஸ்லைடு போட்டிருக்கிறீர்கள். தப்பில்லை, மனித இயல்பு. ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு வேண்டியது வேறு. கூட்டம் முடிந்ததும் என் மேசையில் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடணும்? அதை முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. கூட்டத்தில் யாரும் மனம் மாறுவதில்லை. மாறுவது கூட்டத்துக்கு முந்தைய பத்து நாளில். நிர்வாகக் குழுவில் எத்தனை பேர்? ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். "உங்க கருத்தைக் கேட்டுட்டுத்தான் முன்வைக்கணும்னு இருக்கோம்" என்று சொல்லுங்கள், மனதார. எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று அங்கேயே தெரிந்துவிடும். சபையில் முதன்முதலாகக் கேள்விப்படும் எதையும் பெரியவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். முன்பே கேட்டு, தன் சொல் ஒன்று அதில் ஏறியிருந்தால், அது தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி.

#3 பேரேடு

நிதிப் பிரிவில் இருக்கிறேன், மருத்துவமனை இல்லை, கல்லூரி. ஆனால் பணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

"இதனால் லட்சக்கணக்கில் மிச்சமாகும்" என்று காட்ட முடியாத கணக்கைச் சொல்லாதீர்கள். நிதி அலுவலர் அதைத்தான் முதலில் பிடிப்பார். ஒரு எண் ஆடினால் மற்ற 40 பக்கமும் ஆடும். கேட்பதை இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். ஒரு தடவைச் செலவு என்ன (ஸ்டாண்டு, டிஸ்பென்சர்), மாதா மாதச் செலவு என்ன (பாட்டில்). எட்டுப் படுக்கைக்கு மாதம் எத்தனை பாட்டில் ஆகும் என்று இரண்டு வாரம் நீங்களே அளந்து பாருங்கள். அளந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். ஏற்கெனவே இருக்கும் எந்தத் தலைப்பில் அது அடங்கும் என்று ஸ்டோர்ஸ்காரரை வைத்தே சொல்ல வையுங்கள். அவர் உங்கள் குழுவிலேயே இருப்பது பெரிய பலம். அவரைப் பேசவிட்டீர்களா மார்ச்சில்?

#4 செவ்வந்தி

இல்லை ஐயா. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குத் தோன்றவே இல்லை.

#5 திருகுமரை

நான் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவு இன்ஜினியர். எங்கள் பயிற்சியில் ஒவ்வொரு வருடமும் சொல்லும் கதை ஒன்று, உங்களுக்கும் உதவும்.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் ஏவ வேண்டும். கடும் குளிர். அதை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்துகொடுத்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தின் இன்ஜினியர்கள் நாசாவோடு தொலைபேசிக் கூட்டம் போட்டு, இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் இறுகிவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். சொன்னது சரி. ஆனால் 13 பக்கம் அனுப்பினார்கள், அவற்றில் பல அவசரமாகக் கையால் எழுதியவை. சேதம் கண்ட ஏவுதல்களைப் பற்றித்தான் பேச்சு போனது. சேதமே காணாதவற்றையும் சேர்த்து, வெப்பநிலை ஒரு பக்கம், சேதம் ஒரு பக்கம் என்று ஒரே படம் யாரும் போடவில்லை.

பிறகு விசாரணைக் கமிஷன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. 66 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 ஏவுதல்களில் 3இல்தான் சேதம். அதற்குக் கீழே இருந்த 4இலும் சேதம், நான்குக்கு நான்கு. இந்த இரண்டு வாக்கியம் அன்றிரவு அந்த மேசையில் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். மறுநாள் ஏவி 73 விநாடியில் வெடித்தது, ஏழு பேர் போனார்கள்.

செவ்வந்தி அக்கா, உங்கள் 38 ஸ்லைடில் அந்த இரண்டு வாக்கியம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

#6 இரவுப்பணி

ஐ.சி.யூ. டாக்டர். திருகுமரை சொன்னதில் பாதியை ஏற்கிறேன்.

மீதிப் பாதி இதுதான்: அன்றிரவு படம் சரியில்லை என்பதற்காக மட்டும் அவர்கள் தோற்கவில்லை. நாசா தரப்பில் வேண்டாம் என்ற பேச்சைக் கேட்கவே எரிச்சல் இருந்தது. இடையில் தியோக்கால் ஆட்கள் தனியே பேசியபோது, "இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போடு" என்று மேலதிகாரி ஒருவர் தன் இன்ஜினியரிங் தலைவரிடம் சொன்னது விசாரணையில் பதிவாகியிருக்கிறது. இன்ஜினியர்கள் மாறவில்லை, நிர்வாகம் மாற்றிச் சொன்னது. எடுத்துச் சொன்ன விதம்தான் குற்றம் என்று முழுப் பழியையும் சொன்னவர் தலையில் போட்டால், கேட்காதவர் தப்பித்துவிடுவார். செவ்வந்தி மேடமும் மார்ச்சில் நடந்ததற்குத் தன்னைத்தானே வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் சொல்லும் முறையால் கெட்டுப்போன சரியான விஷயமும் உண்டு, அதுவும் நம் துறையிலேயே, கை கழுவுவதிலேயே. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர். ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவு. டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் பிரசவக் காய்ச்சலால் சாவு மிக அதிகம், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் குறைவு. டாக்டர்கள் பிணப் பரிசோதனை முடித்து நேரே பிரசவம் பார்க்க வந்தார்கள் என்று கண்டுபிடித்து, குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவென்று இறங்கியது. இத்தனை தெளிவான ஆதாரம் இருந்தும் அவர் புத்தகம் எழுதியது 1861இல், 14 வருடம் கழித்து. ஒப்புக்கொள்ளாத பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அவர் கோபம் நியாயம். ஆனால் "உன் கையால்தான் அந்தப் பெண் செத்தாள்" என்று கேட்டுக்கொண்டு யாரும் கை கழுவப் போகமாட்டார்கள்.

உங்கள் நிர்வாகக் குழுவில் மூத்த சர்ஜன் இருப்பார், நிச்சயம். "டாக்டர்கள் கை கழுவுவதில்லை" என்ற வரி ஸ்லைடில் இருந்தால் எடுத்துவிடுங்கள். உண்மைதான், தெரியும். ஆனால் "14 காலடி தூரத்தில் இருக்கும் பேசினுக்கு யாராலும் ஒவ்வொரு தடவையும் போய்வர முடியவில்லை" என்பதும் அதே உண்மைதான். இரண்டாவதைக் கேட்டவர் தீர்வைத் தேடுவார், முதலாவதைக் கேட்டவர் வக்கீலைத் தேடுவார்.

#7 செவ்வந்தி

எல்லோருக்கும் நன்றி. அந்த வரி 9ஆம் ஸ்லைடில் இருந்தது, சிவப்பு எழுத்தில். எடுத்துவிட்டேன்.

நேற்று குழு உட்கார்ந்தோம். 14ஐ 5ஆக்கினோம், அப்புறம் 4. எட்டுப் படுக்கைக்கும் பக்கத்திலேயே ஹேண்ட் ரப், ஸ்டோர்ஸிலிருந்து எடுக்க ஒரே கையெழுத்து. சென்ட்ரல் லைன் போட ஒரே டிராலி, சரிபார்ப்புப் பட்டியலோடு. பட்டியலில் ஒரு படி விட்டுப்போனால் கூட நிற்கும் செவிலியர் நிறுத்தச் சொல்லலாம் என்ற அதிகாரம். மாதா மாதம் தொற்று எண்ணிக்கை நிர்வாகக் குழுவுக்கு ஒரு பக்கத் தாளில் போவது.

சிக்கல் ஐந்தாவதில். இரவு ஷிஃப்டில் இரண்டு செவிலியர் கூடுதலாக வேண்டும் என்பது. இதுதான் பெரிய செலவு. இதைச் சேர்த்தால் மற்ற நான்கும் சேர்ந்தே போய்விடும் என்கிறார் எங்கள் டாக்டர். குழுவில் இருக்கும் இன்னொரு செவிலியர், பத்து வருடமாக இரவு டூட்டி பார்ப்பவர், "அதைத்தான் முதல்ல எழுதினோம், அதையே தூக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குத் தூக்கமில்லை. அவர் சொல்வது சரி என்று எனக்கே தெரிகிறது.

#8 சங்கொலி

அக்கா, நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான். தயவுசெய்து எடுக்காதீர்கள். நிர்வாகத்துக்கு வலிக்காததை மட்டும் கேட்டால் எப்போதும் வலிக்காததுதான் கிடைக்கும். பாட்டில் வைத்த பிறகு தொற்று குறையவில்லை என்றால் என்ன சொல்வார்கள்? "பாட்டில் கொடுத்தோமே, நர்ஸ்தான் போடலை." நாங்கள் அனுபவித்திருக்கிறோம். வசதி வரும், ஆள் வராது, பழி வரும். எழுந்து போன அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள் முதலில்.

#9 தெற்குத்தெரு

சங்கொலி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பரிந்துரையைக் குழு சேர்ந்து எழுதிவிட்டு, சபைக்குப் போகும்போது தலைவர் மட்டும் குறைத்துக்கொள்வது நம்பிக்கைத் துரோகமாகத்தான் தெரியும்.

#10 தாமரைக்குளம்

சங்கொலி, உங்கள் பயம் நியாயமானது, பழியை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எடுப்பது வேறு, வரிசையில் பின்னால் வைப்பது வேறு. அந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டினால்தான் குழு நம்பும்.

நான் இருந்த இடத்தில் இப்படிச் செய்தவர்கள் உண்டு: நான்கையும் முடிவுக்கு வைப்பது, ஐந்தாவதை "இன்று முடிவு கேட்கவில்லை, இந்தத் தேதியில் கேட்போம், அதற்குள் இன்ன கணக்கைக் கொண்டுவருவோம்" என்று வைப்பது. முக்கியம், அந்தத் தேதி மினிட்ஸில் ஏற வேண்டும். மினிட்ஸில் ஏறாத வாக்குறுதிக்குக் கால் கிடையாது. அந்தக் கணக்கை எடுக்கும் பொறுப்பை எழுந்து போன அந்தச் செவிலியரிடமே கொடுக்கக் கேளுங்கள். இரவு டூட்டியைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்?

#11 பனைநிழல்

பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டிலும் ஆளும் இரண்டு தனிப் பரிந்துரை என்று எல்லோரும் பேசுகிறீர்கள். இரண்டும் ஒன்றுதான் என்று காட்ட ஆதாரம் இருக்கிறது.

1997இல் வந்த ஓர் ஆய்வு, வாஸ், விட்மர் என்ற இருவர் எழுதியது. 12 பேர் வேலை செய்யும் ஐ.சி.யூ.வில் ஒவ்வொருவரும் ஒரு தடவைகூட விடாமல் சோப்பு போட்டுக் கழுவினால் ஒரு பகல் ஷிஃப்டில் மொத்தம் 16 மணி நேரச் செவிலியர் நேரம் அதற்கே போகும், படுக்கைப் பக்கத்திலேயே ஆல்கஹால் ரப் இருந்தால் 3 மணி நேரம் போதும் என்று கணக்கிட்டார்கள். கை கழுவாததைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது நேரப் பற்றாக்குறை என்று இந்த ஒரு கணக்கு காட்டிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரமும் அதுதானே: சோப்பு போட்டால் 40 முதல் 60 விநாடி, ரப் போட்டால் 20 முதல் 30. அதோடு நடை வேறு.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற டாக்டரின் குழு 1994 டிசம்பரிலிருந்து 1997 வரை இதைச் செய்து பார்த்தது. கை சுத்தம் 48 சதவீதத்திலிருந்து 66க்கு ஏறியது, மருத்துவமனைத் தொற்று 16.9இலிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கியது. கவனியுங்கள், 66தான், 100 இல்லை. அதற்கே இவ்வளவு பலன். அங்கே சுவரொட்டிகளின் வாசகத்தை வார்டு ஆட்களே எழுதினார்கள், மேல் நிர்வாகம் வெளிப்படையாகப் பின்னால் நின்றது.

அதனால் இப்படிச் சொல்லலாம்: "முதலில் படுக்கைக்குப் பக்கத்தில் ரப் வைக்கிறோம். அப்படியும் இரவில் எந்த அளவுக்கு முடியவில்லை என்று எண்ணிக் கொண்டுவருகிறோம். மிச்சம் நிற்கும் இடைவெளிதான் ஆள் பற்றாக்குறை." அப்போது சங்கொலி அக்கா பயப்படும் பழி வர வழியே இருக்காது. எண்ணிக்கையே பேசும்.

#12 சங்கொலி

இது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் எண்ணுவது யார் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். ஆள் குறைந்த ஷிஃப்டிலிருந்தே ஒருவரை எடுத்து எண்ண வைக்காதீர்கள்.

#13 தெற்குத்தெரு

இவ்வளவு பேர் வெளிநாட்டுக் கதை சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன், நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கிரிமியப் போரிலிருந்து வந்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலிடம் சாவு எண்ணிக்கை அட்டவணை அட்டவணையாக இருந்தது. அதை அவர் மாதத்துக்கு ஒரு விசிறித் துண்டாக, வட்டப் படமாக வரைந்து 1858இல் வெளியிட்டார். தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்களுக்கு நீலம், காயத்தால் செத்தவர்களுக்குச் சிவப்பு. நீலம் சிவப்பை விழுங்கிவிடும். படிக்கத் தேவையே இல்லை, பார்த்தாலே போதும். என் வகுப்பில் அதைக் காட்டும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே "அப்போ சண்டையில சாகலையா டீச்சர்?" என்று கேட்பார்கள். உங்கள் படமும் அப்படிக் கேட்க வைக்க வேண்டும்.

#14 செவ்வந்தி

அந்த அக்கா வீட்டுக்கே போனேன். மன்னிப்புக் கேட்டேன். காபி போட்டுக் கொடுத்தார். இரவுக் கணக்கை எடுக்க ஒப்புக்கொண்டார், ஆனால் எண்ணுவது நர்சிங் கல்லூரி மாணவிகள், வார்டு ஆட்கள் இல்லை என்ற நிபந்தனையோடு. சங்கொலி சொன்னதேதான்.

இப்போது தொடக்கம் எழுதியிருக்கிறேன். மார்ச்சில் எங்கள் முதல் ஸ்லைடு "மருத்துவமனை சார்ந்த தொற்றுகள்: உலகளாவிய சவால்களும் தீர்வுகளும்". இப்போது:

"ஐயா, ஆறாம் படுக்கை நோயாளியைத் தொட்ட கையைக் கழுவ ஒரு செவிலியர் போகவும் வரவும் 28 காலடி நடக்கிறார். அதை ஒரு காலடிகூட இல்லாமல் செய்ய உங்களிடம் நான்கு முடிவு கேட்டு வந்திருக்கிறோம். நான்கும் ஒரே தாளில் உங்கள் முன்னால் இருக்கிறது."

அடுத்து நானே நின்று எண்ணியது. ஒரு மாலை, ஒரு மணி நேரம், ஒரு படுக்கை. கை சுத்தம் செய்ய வேண்டிய தருணம் 19 வந்தது, செய்தது 7. அதற்கு மேல் சங்கிலி விற்ற அந்த ஐயாவைப் பற்றிச் சொல்லலாமா? மனம் ஆடுகிறது.

#15 இரவுப்பணி

சொல்லுங்கள், ஆனால் பெயர், ஊர், மாதம் எதுவும் வேண்டாம், மூன்று வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். கண்ணீர் வரவைக்க முயற்சி செய்கிறார்கள் என்று தோன்றிவிட்டால் எண்ணையும் நம்பமாட்டார்கள். "அந்தத் தொற்று இந்தக் காரணத்தால்தான் வந்தது" என்று உறுதியாகவும் சொல்லாதீர்கள், உங்களால் நிரூபிக்க முடியாது. ஒரு மணி நேரம்தான் எண்ணினோம் என்பதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

#16 பேரேடு

ஒரே தாள், நல்லது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், உறுப்பினர்களில் வயதானவர்கள் இருப்பார்கள். கீழே நான்கு கட்டம், "ஒப்புதல் / திருத்தத்துடன் / ஒத்திவைப்பு" என்று. ஒத்திவைத்தாலும் எதுவரை என்று எழுத இடம்.

#17 பனைநிழல்

இன்னொன்று. சரிபார்ப்புப் பட்டியலுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உதாரணம் நம் துறையில் எல்லோருக்கும் தெரியும்: 103 ஐ.சி.யூ., ஐந்தே படி, 2006இல் வெளியான முடிவு. சென்ட்ரல் லைன் தொற்றின் நடுமதிப்பு ஆயிரம் லைன்-நாளுக்கு (ஒரு லைன் ஒரு நாள் இருந்தால் ஒரு லைன்-நாள்) 2.7 என்று இருந்தது மூன்றே மாதத்தில் பூஜ்யம். ஆனால் எனக்குப் பிடித்தது அதன் பின்கதை. அதை நடத்திய டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் ஒவ்வொரு ஐ.சி.யூ.வுக்கும் மருத்துவமனையின் மேல் நிர்வாகி ஒருவரைப் பொறுப்பாக்கி, மாதம் ஒரு தடவையாவது வார்டுக்கு வர வைத்தார். வந்து பார்த்தபோதுதான், தோலைத் துடைக்க வேண்டிய குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினி மூன்றில் ஒரு பங்கு ஐ.சி.யூ.க்களில்கூட இல்லை என்று தெரிந்தது. டாக்டரால் வாங்கித் தர முடியாதது, நிர்வாகி நினைத்தால் அன்றே வரும். செவிலியர் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தையும் அவர் முதலில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நிர்வாகத்தைக் கேட்டுத்தான் வாங்கினார்.

முடிந்தால் கூட்டத்துக்கு முன் ஒரே ஒருவரையாவது வார்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.

#18 தாமரைக்குளம்

வார்டு ஆட்களுக்கு முன்பே சொல்லிவிட்டு அழைத்து வாருங்கள். இது சோதனை இல்லை என்று அவர்களும் நம்ப வேண்டும், வருபவரும் நம்ப வேண்டும்.

#19 செவ்வந்தி

கூட்டம் நேற்று முடிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. எங்கள் நிதி அலுவலர் மார்ச்சிலேயே எங்கள் பக்கம்தான் இருந்திருக்கிறார். "செலவு எவ்வளவுன்னு ஒரு இடத்துலயும் போடலையேம்மா, நான் எப்படிப் பேசுவேன்?" என்று கேட்டார். 41 பக்கத்தில் உண்மையிலேயே இல்லை.

வார்டுக்கு டைரக்டர் மேடம் வந்தார். போன வாரம், காலை ரவுண்ட்ஸ் நேரம். ஐந்தாம் படுக்கைப் பக்கம் நின்றார். எங்கள் ஸ்டாஃப் ஒரு பெண், ஐந்தாம் படுக்கையில் சளி உறிஞ்சும் சக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறாம் படுக்கை மானிட்டர் அலறியது. கையுறையைக் கழற்றி வீசிவிட்டு நேரே ஆறுக்குப் போனாள், டியூபைச் சரி செய்தாள், அலாரம் நின்றது. கை கழுவவில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, அவளைத் திட்டிவிடுவாரோ என்று. மேடம் பேசினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "அந்தப் பொண்ணு அங்க போய்க் கழுவிட்டு வந்திருந்தா இவருக்கு என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

கூட்டத்தில் நான் பேசியது ஒன்பது நிமிடம். செலவுக் கணக்கை ஸ்டோர்ஸ்காரர் சொன்னார், எழுதி வைத்து, கை நடுங்க, ஆனால் ஒரு எண்கூடப் பிசகாமல். மீதி நேரம் அவர்கள்தான் பேசினார்கள். ரப், ஒரே கையெழுத்து, டிராலி, மாதத் தாள், எல்லாம் ஒப்புதல். செவிலியர் நிறுத்தும் அதிகாரத்துக்கு மூத்த சர்ஜன் எதிர்ப்பு. முந்தைய வாரம் அவரைப் பார்த்தபோதே தெரியும். "என் கையை ஒரு சின்னப் பொண்ணு பிடிச்சு நிறுத்துவாளா?" என்றார். மேடம்தான், மூன்று மாதம் ஐ.சி.யூ.வில் மட்டும் செய்து பார்ப்போம், பட்டியலை நீங்களே திருத்திக் கொடுங்கள் சார் என்றார். அவர் பட்டியலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். திருத்தி வருவாரா, தெரியாது.

ஐந்தாவது: "இரவுப் பணி ஆள் தேவை குறித்த எண்ணிக்கை அக்டோபர் கூட்டத்தில் வைக்கப்படும்" என்று மினிட்ஸில் ஏறியிருக்கிறது. நானே நின்று படித்துப் பார்த்தேன்.

#20 சங்கொலி

அக்கா, அந்த ஐந்தாம் படுக்கைப் பெண் எப்படி இருக்கிறாள்?

#21 செவ்வந்தி

அழுதாள், தன்னால் கெட்டுப் போய்விட்டதோ என்று. நடந்ததைச் சொன்னேன். இன்று காலை அவள்தான் ஆறாம் படுக்கைக் கால்மாட்டில் ஸ்டாண்டை மாட்டினாள். இடது பக்கம் மாட்டியதை வென்டிலேட்டர் டியூப் இடிக்கிறது என்று வலது பக்கம் மாற்றினாள். மற்ற ஏழும் வலது பக்கமே போடச் சொல்லிவிட்டேன்.

#22 திருகுமரை

அக்டோபர் கணக்கை எப்படிப் படமாகப் போடலாம் என்று நான் உதவுகிறேன். மாணவிகள் எண்ணும் தாளின் மாதிரியை அனுப்புங்கள். மணி வாரியாக, படுக்கை வாரியாக, செய்ததும் செய்யாததும் இரண்டும் இருக்கட்டும்.

#23 செவ்வந்தி

அனுப்புகிறேன். இரவு 2 மணியிலிருந்து 5 வரை தனியாக ஒரு தாள் வேண்டும் என்று அந்த அக்கா சொல்கிறார்.